அம்மாவின் கடைவாய்ப் பல்லும் ஒன்பதாயிரம் ரூபாயும்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாக எடுத்துவைத்துக்கொள்கிறேன். பேரணாம்பட்டில் குடியிருக்கிறீர்கள், ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மாதம் 12,500 ரூபாய் சம்பளம். உங்களோடு இருக்கும் தாயாருக்கு வயது 54, பீடி சுற்றுகிறார், சர்க்கரை நோய் உண்டு. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் மூன்று வாரமாக வலிக்கிறது. தனியார் கிளினிக் ஒன்றில் ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேல் கேப் என்ற உறை போட ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பிடுங்கிப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார். வீடு தேடி வந்து பல் கட்டித் தரும் ஒருவர், இதைப் பிடுங்கி, இடப்பக்கம் ஏற்கெனவே விழுந்துபோன இரண்டு பற்களையும் சேர்த்து 1,500 ரூபாயில் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குறைந்த செலவில் எங்கே போவது என்று கேட்கிறீர்கள்.

பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கே போவது என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பல்லுக்கு என்ன தேவை என்பதே முதல் கேள்வி, அதற்கு விடை தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு ரூபாயும் செலவாக வேண்டியதில்லை. என்ன தேவை என்று தெரியாமல் விலை விசாரிக்கிறவர், யார் எதை விற்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவார். கிளினிக்காரர் வேர் சிகிச்சையை விற்கிறார், கட்டிக் கொடுப்பவர் பல்லை விற்கிறார், பக்கத்து வீட்டு அக்கா அறிவுரையை இலவசமாகத் தருகிறார். மூவரில் யார் சொல்வது இந்தப் பல்லுக்குப் பொருந்தும் என்பது வாயைத் திறந்து பார்த்து, ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒன்று. தாயாருக்குக் கன்னத்திலோ தாடைக்குக் கீழோ வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, வாயை இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியாமல் இருக்கிறதா, எச்சில் விழுங்கும்போது தொண்டை வலிக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவற்றில் எதுவும் இருந்தால் மலிவு, விலை என்ற பேச்செல்லாம் பிறகு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துக்குள் பரவினால் மூச்சுக் குழாயை நெருக்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஓரிரு நாளிலேயே நடந்துவிடக்கூடும். அப்படியென்றால் இரவானாலும் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நேரமும் அவசரப் பிரிவு உண்டு. வீக்கம் இல்லை, வலி மட்டும்தான் என்றால் மேலே படியுங்கள்.

உங்களுக்கு அருகில் பேரணாம்பட்டு அரசு மருத்துவமனையும், அதைவிடப் பெரியதாகக் குடியாத்தம் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. தாலுகா அளவுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளிலும், தரம் உயர்த்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார், நாற்காலி இருக்கிறது. ஓபி சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பல் பிடுங்குவது, சொத்தை அடைப்பது, பல் கிளீனிங் செய்வது, மாத்திரை கொடுப்பது ஆகிய நான்கும் இலவசம். சில இடங்களில் முன்பற்களுக்கு வேர் சிகிச்சையும் செய்வார்கள். கடைவாய்ப் பல்லுக்குச் செய்வார்களா என்பது அங்கே இருக்கும் கருவியையும் மருத்துவரின் கையிருப்பு நேரத்தையும் பொறுத்தது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் வேரும் ஒன்று, அதற்குள் ஓடும் குழாயும் ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் தேடி, நீளம் அளந்து, அரத்தால் அரவிச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். காலை நேரத்தில் ஐம்பது பேர் காத்திருக்கும் ஓபியில் ஒரு நோயாளிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆகவே, அங்கே செய்ய முடியாது என்று சொன்னால் அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அங்கே போவது அறிந்துகொள்வதற்காக.

பல் மருத்துவர் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டுவார். பக்கத்துப் பல்லையும் தட்டி வித்தியாசம் கேட்பார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்பார். குளிர்ச்சி பட்டவுடன் சுருக்கென்று வந்து உடனே போய்விட்டால் பல்லின் நரம்பு இன்னும் பிழைத்திருக்கிறது, அடைப்போடு முடிந்துவிடலாம். நீர் பட்டு நிமிடக்கணக்கில் வலித்தால், அல்லது இரவில் படுத்தவுடன் தானாக வலி எழுப்பிவிட்டால், நரம்பு கெட்டுவிட்டது. எதுவுமே உறைக்காமல், கடித்தால் மட்டும் வலித்தால், நரம்பு செத்து வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கிவிட்டது. தாயாருக்கு இதில் எது என்பதைப் போவதற்கு முன்பே வீட்டில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும், உங்களுக்குச் சரியான விடை கிடைக்கும்.

அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? காப்பாற்றினால் அது உண்மையில் மெல்லுவதற்குப் பயன்படுமா? இன்றே செய்ய வேண்டியது எது, சில மாதம் பொறுக்கக்கூடியது எது? இவற்றில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. வலிக்கிற பல்லுக்கு நேராக மேலே இருக்க வேண்டிய பல் விழுந்துபோயிருந்தால், கீழ்ப்பல்லை ஒன்பதாயிரம் செலவழித்துக் காப்பாற்றியும் அது எதன் மீது மெல்லும்? உரல் இல்லாத உலக்கைதான். அதுபோலவே, வலிக்கிற பல் கடைசியில் முளைத்த ஞானப்பல்லாக இருந்தால் அதைப் பிடுங்குவதே பெரும்பாலும் சரி. ஈறு இறங்கி, எலும்பு கரைந்து, விரலால் அசைத்தால் ஆடுகிற பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து பயனில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த நிலை அடிக்கடி காணப்படும். ஈறுக்கு மேலே பல்லின் சுவர் கொஞ்சமும் மிஞ்சாமல் வேர் மட்டும் இருந்தால், கேப்புக்குப் பிடிமானம் இருக்காது.

இவை எதுவும் இல்லை, பல் உறுதியாக நிற்கிறது, மேலே ஜோடிப் பல்லும் இருக்கிறது என்றால், அதைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் பார்த்த அளவில் பிடுங்கியவர்களுக்கெல்லாம் வலி போனது உண்மைதான். ஆனால் இடப்பக்கம் ஏற்கெனவே இரண்டு பற்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலப்பக்கமும் போனால் தாயார் எந்தப் பக்கம் மெல்லுவார்? சோற்றைக் குழைத்து, முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, கேழ்வரகுக் களியை அப்படியே விழுங்குகிற வாழ்க்கை ஐம்பத்துநான்கு வயதிலேயே தொடங்கிவிடும். சர்க்கரை உள்ளவருக்குக் கீரை, காய், சுண்டல் ஆகியவை போய், குழைந்த சோறும் பிஸ்கட்டும் டீயும் மிஞ்சுவது வாய்க்கு மட்டும் கேடு அல்ல. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில், கூட்டத்தின் அவசரத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கடைவாய்ப் பல்லை, நோயாளியே கேட்டார் என்பதற்காகப் பிடுங்கிப் போட்டேன். ஓராண்டு கழித்து அவர் வந்தபோது, எதிரில் இருந்த மேல்பல் துணை இல்லாமல் கீழே இறங்கி நின்றது. பக்கத்துப் பல் காலி இடத்தில் சாய்ந்துவிட்டது. அந்த ஒரு பல்லுக்குப் பதிலாக மூன்று பற்களின் கணக்கு என் முன்னால் இருந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய விஷயம், சம்பளம் 12,500 என்று எழுதிய நீங்கள், தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான ஈஎஸ்ஐ பற்றி ஒரு சொல்லும் எழுதாதது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு, அவருடைய தொழிற்சாலை ஈஎஸ்ஐ வரம்புக்குள் வந்தால், சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: 94 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருக்க வேண்டும். முதலாளியின் பங்கு 407 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 501, ஆண்டுக்கு 6,012 ரூபாய். ஏறத்தாழ அந்தக் கிளினிக் கேட்ட தொகையின் மூன்றில் இரண்டு பங்கை ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பெயரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள், நீங்கள்தான் பயன்படுத்தவில்லை. பல் மருத்துவமும் ஈஎஸ்ஐ மருத்துவப் பயனுக்குள் வரும். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் குடும்பம் என்ற வரையறைக்குள் அடங்குவர். பெற்றோருக்கு ஒரு வருமான வரம்பு உண்டு, ஆனால் பீடிக் கூலியாக மாதம் சில ஆயிரம் பெறும் தாய் பெரும்பாலும் அதற்குள்தான் இருப்பார்.

செய்ய வேண்டியது என்னவென்றால், தொழிற்சாலையின் நேர அலுவலகத்திலோ பணியாளர் பிரிவிலோ உங்கள் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதில் தாயாரின் பெயர் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவருடைய ஆதார் நகலைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பல தொழிலாளர்களுக்கு மனைவி பிள்ளைகள் பெயர் மட்டும் ஏறியிருக்கும், அம்மா பெயர் விடுபட்டிருக்கும். பெயர் ஏறிய பிறகு, உங்கள் அட்டைக்கு ஒதுக்கப்பட்ட ஈஎஸ்ஐ மருந்தகத்தில் முதலில் காட்டி, அங்கிருந்து பல் பிரிவு உள்ள இடத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். வேலூரில் ஈஎஸ்ஐ மருத்துவமனையே இருக்கிறது. சீட்டு இல்லாமல் நேரே தனியாரிடம் செலவழித்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வழியில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருக்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. உங்கள் சம்பளமே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அட்டை இருந்தாலும் சொத்தைப் பல்லுக்கும் வேர் சிகிச்சைக்கும் பல் செட்டுக்கும் அது உதவாது. தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்று போன்றவற்றுக்கு மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கே அது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

ஈஎஸ்ஐ வழியில் தாமதமானால் அடுத்த வழி பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை, போரூர் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. அங்கே மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில், வெளியே கேட்கும் தொகையைவிடக் குறைவாகச் செய்கிறார்கள். மாணவர் கையா என்று அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டம். மேற்படிப்பு மாணவர்கள் செய்யும் வேர் சிகிச்சை, பல தனியார் கிளினிக்குகளில் நடப்பதைவிட நிதானமானது. ஆனால் அந்த நிதானத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு பல்லுக்கு நான்கு முறை வரச் சொல்லலாம். உங்கள் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 480 ரூபாய். தாயாரோடு நீங்களும் நான்கு முறை போனால் 1,920 ரூபாய் சம்பளம் போகும், அதற்கு மேல் இருவருக்கும் ஆம்பூரிலிருந்து ரயில் செலவும் சாப்பாடும். ஆகவே கல்லூரிக்குப் போவதென்றால், ஒரு பல்லுக்காகப் போகாமல், வேர் சிகிச்சை, ஈறு சிகிச்சை, பல் செட் எல்லாவற்றையும் ஒரே தொடராகச் செய்துகொள்ளும் எண்ணத்தோடு போனால்தான் கணக்குக் கட்டிவரும். இந்தக் கல்லூரிகள் ஊர்களில் முகாம் நடத்தி, தங்கள் பேருந்திலேயே நோயாளிகளை அழைத்துப் போவதும் உண்டு. முகாம் சுவரொட்டியைக் கண்டால் போக்குவரத்து அவர்கள் பொறுப்பா என்று விசாரியுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சிஎம்சி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வேலூரைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு எந்த நோய்க்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அங்கே பல் மருத்துவத் துறை நல்ல துறை. ஆனால் சாதாரண வேர் சிகிச்சைக்கு அங்கே போய்க் காத்திருப்பது தேவையில்லை என்பது என் கருத்து. தாடையில் கட்டி, ஆறாத புண், சிக்கலான அறுவை சிகிச்சை என்றால் போங்கள். பொதுப் பிரிவில் பதிவு செய்யுங்கள், உண்மையிலேயே கட்ட முடியாத நிலை என்றால் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கம் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு அது தொடங்கிய காலத்திலிருந்தே அந்த நிறுவனத்தின் இயல்பு.

இவை எதுவும் உங்களுக்கு ஒத்துவராமல் தனியார் கிளினிக்கிலேயே செய்துகொள்வதாக இருந்தாலும், ஒன்பதாயிரம் என்பது மாற்ற முடியாத தொகை அல்ல. அதில் வேர் சிகிச்சைக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேப்பில் வெறும் உலோகக் கேப் மலிவு; உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது அதைவிட விலை; முழுவதும் பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா இன்னும் விலை. சிரித்தால் தெரியாத கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பல் நிறம் எதற்கு? நன்றாகப் பொருத்திய உலோகக் கேப் பல ஆண்டுகள் உழைக்கும், பல்லைச் செதுக்குவதும் குறைவாகவே இருக்கும். "எனக்கு மெட்டல் கேப் போதும், டாக்டர்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். வேர் சிகிச்சையை இந்த மாதமும் கேப்பை அடுத்த மாதமும் வைத்துக்கொண்டு, இரண்டு தவணையாகக் கட்டுகிறேன் என்று கேட்டால் நம் ஊர்களில் பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை. கேப்பே வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடையப்பட்ட பல், ஒரு கரும்புத் துண்டிலோ கடலையிலோ இரண்டாகப் பிளந்துவிடும், கட்டிய பணம் அத்தனையும் அதோடு போய்விடும். தற்காலிக அடைப்போடு வலி நின்றுவிட்டது என்று ஆறு மாதம் திரிந்தவர்களின் கதையும் இதேதான்.

வீடு தேடி வரும் அந்த 1,500 ரூபாய்க்காரரைப் பற்றி. சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது குற்றம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருமுறை ஓபிக்கு வந்த ஓர் அம்மாவின் வாயிலிருந்து அப்படிக் கட்டிய பல்லை எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிளாஸ்டிக் மாவைக் குழைத்து ஈறின் மீதே அப்பி, மெல்லிய கம்பியால் இரண்டு பக்கத்து நல்ல பற்களோடும் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கழற்றி மாட்ட முடியாது, அடியில் கழுவ முடியாது. கம்பியை வெட்டி அந்தத் துண்டைத் தூக்கியபோது, அதற்கடியில் மாதக்கணக்கில் சேர்ந்த உணவு கறுத்துக் கிடந்தது. ஈறு பஞ்சுபோல் ஊதி, தொட்ட இடமெல்லாம் இரத்தம் வந்தது. கம்பி கட்டியிருந்த இரண்டு நல்ல பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு பற்களைக் கட்டப்போய் நான்கு பற்களை இழந்தார். அதைவிட, வேர் உள்ளே இருக்கும்போதே அதன் மேல் கட்டிவிடுவதும் அவர்கள் வழக்கம். சர்க்கரை உள்ளவருக்கு அது சீழுக்கு மூடி போட்டு வைப்பதற்குச் சமம்.

பட்டம் பெற்றவரின் கிளினிக்காக இருந்தாலும் சுத்தத்தைக் கவனியுங்கள். இதை வலியுறுத்த நம் பக்கத்துக்கே ஒரு காரணம் இருக்கிறது. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் 2023-இல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமி, வாய் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாகப் பரவியதாக 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது; சுத்தம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்து, மூடியும் மூடாமலும் வைத்து, பலருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்ததும் பாருங்கள்: கருவிகள் ஒட்டிய உறையிலிருந்து பிரித்து எடுக்கப்படுகின்றனவா, மருத்துவர் புதுக் கையுறை போடுகிறாரா, ஊசி புதிதா, சலைன் பாட்டில் உங்கள் கண்முன் திறக்கப்படுகிறதா. கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். கோபித்துக்கொள்கிற மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இடப்பக்கம் விழுந்துபோன இரண்டு பற்களுக்கு அவசரமில்லை. வலப்பக்கப் பல் நிலைத்து, ஈறு ஆறி, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பல் செட் போதும். அதுவே மிக மலிவு. பக்கத்துப் பற்களில் மாட்டி நிறுத்தும் பாலம் கட்டினால் அந்த நல்ல பற்களைச் செதுக்க வேண்டியிருக்கும், தாடை எலும்பில் திருகு பதித்து வைக்கும் இம்ப்ளாண்ட் என்றால் இன்றைக்கு உங்கள் வருமானத்துக்கு எட்டாது. அதற்காக மகளிர் குழுவில் கடன் எடுக்கவோ கம்மலை அடகு வைக்கவோ வேண்டாம். வாயில் நல்ல நிலையில் இருபது பற்கள் இருந்தால் ஒருவர் ஓரளவு வசதியாகச் சாப்பிட முடியும் என்பது பல் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கணக்கு. விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் பதில் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை.

இடையில் வலிக்கு என்ன செய்வது என்றால், பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், கல்லீரல் நோய் இல்லாதவரை. மருந்துக் கடையில் 'பல் வலி செட்' என்று பொட்டலம் கட்டித் தருவதை வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும், சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரையும் இருக்கும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் நரம்பு வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். பீடி இலைத் தூளையும் புகையிலையையும் வைத்து அடக்குவது நம் பக்கத்து வழக்கம். சிறிது நேரம் மரத்ததுபோல் இருக்கும், ஆனால் அந்த இடத்து ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து வெளுத்துப்போகும். பல் மருத்துவர் பார்க்கும்போது, தாயாரின் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அது வலிக்கிற பல்லைவிட முக்கியம். அதைச் சோதித்துப் பார்ப்பதும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

சர்க்கரை அளவை முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐத் தாண்டியிருந்தால் பல மருத்துவர்கள் பல் பிடுங்குவதைத் தள்ளிவைப்பார்கள். அது தெரியாமல் போனால் ஒரு நாள் சம்பளம் வீண். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார் என்றால், அதைத் தாமாக நிறுத்தாமல், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் தாயாருக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை ஓபியில் கூட்டம் நெரியும், செவ்வாயோ புதனோ போங்கள், எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நில்லுங்கள். பல் பிடுங்கப் போகிறோமே என்று தாயார் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடப் போகிறார்; இரண்டு இட்லி சாப்பிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டே வரட்டும்.